கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பகல்நேர இசை முகாமுக்கு அனுப்பலாமா? மூன்று வாரத்தில் என்ன வந்துவிடும்?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 14. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் மே மாதம் மூன்று வாரம், காலை ஒன்பதரை முதல் மாலை நாலு வரை முகாம். மகள் எப்போது எப்போது என்று நிற்கிறாள். மகன் "எனக்குக் குரலே சரியில்லை, நான் வரமாட்டேன்" என்கிறான். மூன்று வாரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்பது உங்கள் வீட்டுக்காரர் கேள்வி.

இரண்டு பேரையும் அனுப்புங்கள். ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றால் பையனை அனுப்புங்கள்.

நான் திருச்சியில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். வருடம் முழுக்க வீட்டில் வகுப்பு, மே மாதம் முகாம் என்று பல ஆண்டுகளாக ஓடுகிறது. இரண்டிலும் பிள்ளைகளைப் பார்ப்பதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

முதலில் வீட்டுக்காரருக்குப் பதில். மூன்று வாரத்தில் பாட்டு வராது. வாரம் இரண்டு வகுப்புக்கு ஒழுங்காக வந்து, வீட்டிலும் பாடிப் பார்க்கும் பிள்ளைக்கே சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகள் எல்லாம் தாண்டி, கீதம் என்னும் எளிய பாட்டுக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். "மூன்று வாரத்தில் பத்துப் பாட்டு" என்று நோட்டீஸ் அடித்திருந்தால் அந்த முகாமை விட்டுவிடலாம். பத்துப் பாட்டை மனப்பாடம் செய்ய வைக்க முடியும். ஆனால் ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று காதுக்குத் தெரியாமல் மனப்பாடம் செய்த பாட்டு ஜூலையில் மறந்துபோகும்.

முகாமில் வேறொன்று கிடைக்கும். நம் ஊரில் பாட்டு கற்றுக்கொள்ளும் முறையை நினைத்துப் பாருங்கள். பாட்டு மிஸ் வீடு, சுருதிப் பெட்டி, எதிரே இரண்டு மூன்று பிள்ளைகள். மிஸ் பாடுவார், பிள்ளைகள் அதையே திருப்பிப் பாடுவார்கள். தாளத்தை மிஸ் பிடிப்பார். வீட்டில் தனியாகச் சாதகம், அதாவது பாடிப் பழகுவது. நவராத்திரி கொலுவில், பள்ளி ஆண்டு விழாவில், போட்டியில் எல்லாம் தனியாகத்தான் பாட வேண்டும். அந்த முறையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நானும் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் கற்றுத் தருகிறேன். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் எல்லாம் நேருக்கு நேர் உட்கார்ந்தால்தான் வரும். ஆனால் பக்கத்தில் இருப்பவன் வேறொன்றைப் பாடும்போது நம் வழியில் நிற்பது, அவன் குரலுக்கு மேலே போகாமல் நம் குரலை வைப்பது, முப்பது பேர் சேர்ந்து ஒரு எடுப்பில், பாட்டு தொடங்கும் தாள இடத்தில், வந்து இறங்குவது, இதற்கெல்லாம் அந்த வகுப்பில் இடமே இல்லை. முகாமில்தான் இருக்கிறது. ஒரே கூடத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் நாள் முழுவதும் சேர்ந்திருப்பது வருடத்தில் அப்போது ஒருமுறைதான்.

இதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தவர் திரைப்பட இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர்களுக்கென்றே ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதியார் பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்து எழுதிப் பாட வைத்தார். அந்த மரபு நம்மிடம் பெரிதாகப் பரவவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். பஜனையில் சேர்ந்து பாடுகிறோம், திருவையாற்றில் பஞ்சரத்னத்தைச் சேர்ந்து பாடுகிறோம், ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே வரிதான். இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடுவதைப் பாடிப் பார்த்த பிள்ளைகள் நம் ஊரில் மிகக் குறைவு.

ஒரு நல்ல முகாமில் காலை வகுப்பு எப்படிப் போகும் என்று சொல்கிறேன், நீங்கள் பார்க்கப் போகும்போது உதவும். தொடக்கம் பாட்டில் இருக்காது, தாளத்தில் இருக்கும். ஆதி தாளம் எல்லோரும் போடுவார்கள்: தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை. இது கைக்கு வந்ததும் கூடத்தை இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பக்கம் "தகிட" என்று மூன்று மூன்றாகச் சொல்ல வேண்டும், மறுபக்கம் "தகதிமி" என்று நாலு நாலாக. இரண்டு பக்கமும் சொற்கட்டின் முதல் எழுத்தில் கை தட்ட வேண்டும். முதல் தட்டு சேர்ந்து விழும். அதற்குப் பிறகு கைகள் பிரிந்துபோகும். பன்னிரண்டு எண்ணிக்கை முடிந்து பதின்மூன்றாவதில் மறுபடி சேரும். சேரும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரும் சொல்லாமலே "மிஸ், இன்னொரு தரம்" என்பார்கள். பெரிய பிள்ளைகளுக்கு "தகதகிட" என்று ஐந்தும், "தகிட தகதிமி" என்று ஏழும் கொடுத்தால் முப்பத்தைந்து எண்ணிக்கை தள்ளித்தான் சேரும். பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு என்று படித்தது இதுதான் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கண்டுபிடித்துச் சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுகிறேன்.

அடுத்து ஸ்வரம். வகுப்பில் நாங்கள் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறோம். புரந்தரதாசர் வகுத்த வரிசை என்று வழிவழியாக வருவது, அதில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டு அணியாகப் பிரித்துப் பாட அந்த ராகம் ஒத்துவராது. ஸவுக்கு அடுத்த அரைச் சுரத்திலேயே ரி இருக்கிறது, க-ம, ப-த, நி-ஸ எல்லாம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓர் அணி ஸ பிடிக்கும்போது மற்றொன்று ரி பிடித்தால் காது கூசும். அதனால் முகாமில் மோகன ராகத்துக்குப் போய்விடுவேன். ஸ ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம், எந்த இரண்டும் அரைச் சுர இடைவெளியில் இல்லை. முதல் அணி ஒரு வரிசையைத் தொடங்கி நாலு எண்ணிக்கை போனதும் இரண்டாம் அணி முதலிலிருந்து தொடங்கும். எங்கே எது மேலே விழுந்தாலும் கேட்க நன்றாக இருக்கும். முதல் நாள் இரண்டாம் அணி முதல் அணியோடு இழுபட்டுப் போய்விடும். காதைப் பொத்திக்கொண்டு பாடும் பிள்ளைகளும் உண்டு. பொத்தாமல் பாடச் சொல்லித் தருவதுதான் இந்த வகுப்பே. முதல் வாரக் கடைசியில் பெரும்பாலான பிள்ளைகள் அடுத்த அணியையும் கேட்டபடி தங்கள் வரியில் நிற்பார்கள். ஒரு வருடத் தனி வகுப்பில் என்னால் இதைக் கொடுக்க முடிந்ததில்லை.

முகாமில் பாதிப் பிள்ளைகள் கீபோர்டு தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் மேற்கத்திய இசைத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள், நொட்டேஷன் பார்த்து வாசிப்பார்கள், ஆனால் கேட்டு வாசிக்கச் சொன்னால் திணறுவார்கள். நம் பாட்டுப் பிள்ளைகள் அப்படியே தலைகீழ். இரண்டு கூட்டத்தையும் ஒரே பாட்டில் உட்கார வைக்க முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டு ஸ்வர சாகித்யங்களைப் போல வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. திருவாரூரில் பிறந்த தீட்சிதர் இளம் வயதில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன, எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில். கமகம் கிடையாது, அதனால் கீபோர்டில் அப்படியே வாசிக்கலாம். சுருதியை ஒரு கட்டையில் (கீபோர்டில் C) வைத்தால் வெள்ளைக் கட்டைகளே போதும். "ச்யாமளே மீனாக்ஷி" தொடங்கியதும் எல்.கே.ஜி.யில் பாடிய "ட்விங்கிள் ட்விங்கிள்" விண்மீன் பாட்டின் மெட்டு என்று சின்னப் பிள்ளைகள் துள்ளுவார்கள். "ஸந்ததம் பாஹிமாம்" இங்கிலாந்து ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டு, அதைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். வயலின், கீபோர்டு, வாய்ப்பாட்டு மூன்றும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் அந்தக் கீபோர்டுப் பிள்ளைகள் முதன்முதலாகத் தாளத்தை வாயால் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் பையன் விஷயம். இதைத்தான் அதிகம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

14 வயதில் "குரல் சரியில்லை" என்றால் அநேகமாக அது மகரக்கட்டு, பருவ வயதில் குரல் உடைவது. பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடித்துவிடும். பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (மேல் ஸவிலிருந்து கீழ் ஸ வரை) இறங்கும். பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் இரண்டு மூன்று ஸ்வரம் இறங்கும், ஆனால் படிப்படியாக இறங்குவதால் வெளியே தெரியாது. பையனுக்கு ஒரே வரியில் பாதி பழைய குரல், பாதி புதுக் குரல் என்று உடையும். நேற்று வரை ஆறு கட்டை என்ற உயர்ந்த சுருதியில் கணீரென்று பாடியவன் இன்று மத்திம ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட முடியாமல் நிற்பான். சுற்றி இருப்பவர்கள் சிரித்தால் அதோடு பாட்டை விட்டுவிடுவான். நம் ஊரில் பையன்கள் பாட்டை விடுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு டியூஷனும் அதே சமயத்தில் வந்து சேரும். வீட்டில் யாருக்கும் அது இழப்பாகவே தெரியாது. எனக்கு அது ஒவ்வொரு வருடமும் வலிக்கிறது.

மகரக்கட்டில் பாடக்கூடாது என்று சிலர் முழுக்க நிறுத்திவிடுவார்கள், அது தேவையில்லை. கத்திப் பாடக்கூடாது, எட்டாத ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கக்கூடாது, அவ்வளவுதான். வலியில்லாமல் வரும் ஐந்தாறு ஸ்வரத்துக்குள் மெதுவாகப் பாடிக்கொண்டே இருக்கலாம். சில மாதத்திலோ ஒரு வருடத்திலோ குரல் படியும். படிந்த பிறகு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை என்று எங்கேயாவது அவனுடைய சுருதி நிலைக்கும். அதுவரை அவனை இசைக்குள்ளேயே வைத்திருப்பதுதான் முக்கியம், அதற்கு வீட்டு வகுப்பைவிட முகாமே நல்ல இடம். வீட்டு வகுப்பில் அவன் பாடித்தான் ஆக வேண்டும். முகாமில் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் சொல்லலாம், கஞ்சிரா என்ற சின்னக் கைப்பறை தட்டலாம், கீபோர்டில் ஸ-ப பிடிக்கலாம், சின்னப் பிள்ளைகள் அணிக்குத் தாளத் தலைவனாக நிற்கலாம். சேர்ந்திசையில் கீழ் ஸ்தாயி ஸவை நீளமாகப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த வேலையைப் பதினாலு வயதுப் பையன்களுக்குத்தான் கொடுக்கிறேன். ஒரே ஒரு ஸ்வரம், அவனுடைய புதுக் குரலில் மட்டுமே வரக்கூடியது. மற்ற முப்பது பேரும் அதன்மேல் நின்று பாடுகிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டால் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருவான்.

உங்கள் பகுதி முகாமில் பறை இருந்தால் பையனை அதில் விடுங்கள். இப்போது பல முகாம்களில் பறையும் சிலம்பமும் வந்துவிட்டன, எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. அடிக்குச்சி ஒரு கையில், மெல்லிய சிண்டுக்குச்சி மறு கையில், தோளில் தொங்கும் பறை, காலில் அடவு என்று உடம்பு முழுக்க வேலை. இந்த வயதுப் பையன்களின் துருதுருப்புக்கு அது நன்றாகப் பொருந்தும். தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதையும் கூடவே கற்றுக்கொள்வான். மிருதங்கம் என்றாலும் சரி. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவை பிசைந்து ஒட்டுவது, வெயிலில் அது காயக் காய நாதம் மாறுவது எல்லாவற்றையும் வாத்தியார் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நேரம் முகாமில்தான் கிடைக்கும். வாரம் ஒரு மணி நேர வகுப்பில் வாசிக்கவே நேரம் போதாது.

மகளுக்கு வயலின் ஆசை என்று எழுதியிருந்தீர்கள். இப்போதே வாங்கிவிடாதீர்கள். 9 வயதுக்கு அரை அளவோ முக்கால் அளவோ வேண்டியிருக்கும், கை நீளத்தை அளந்துதான் சொல்ல முடியும். முகாமில் கொடுத்தால் அதிலேயே பழகட்டும்.

முகாமைத் தேர்ந்தெடுக்க ஒரு காலைப் பொழுது நேரில் போய்ப் பாருங்கள். பொறுப்பாளரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, "எந்தச் சுருதியில் பாட வைக்கிறீர்கள்?" என்பது. சின்னப் பெண் பிள்ளைகளுக்கு ஐந்தரை, ஆறு கட்டை வசதி. ஆண் ஆசிரியர் தன்னுடைய ஒரு கட்டையிலேயே எல்லோரையும் இழுத்தால் சின்னதுகள் மேல் ஸ்தாயியில் கத்தும், கீழே போனால் குரலே வராது. வயது வாரியாகவோ குரல் வாரியாகவோ பிரிக்கிறோம் என்று பதில் வந்தால் அவர்களுக்கு வேலை தெரியும். "எல்லாரும் டிராக்கோடு பாடுவாங்க" என்றால் யோசியுங்கள். பதிவு செய்த பின்னணியின் சுருதி யாரோ ஒரு பெரிய பாடகருக்காக வைத்தது, 9 வயதுக் குழந்தையின் குரல் அதற்குத் தகுந்தாற்போல் தன்னை வருத்திக்கொள்ளும்.

அடுத்து, ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். சேர்ந்து பாட நாற்பது பேர் இருக்கலாம், வாத்திய வகுப்பில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் விரல் எங்கே விழுகிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நாள் முழுக்க இருக்கப் போவதால் கழிப்பறை, குடிநீர், மின்விசிறி, பெண் பிள்ளைகளோடு எப்போதும் இருக்கும் ஒரு பெண் பொறுப்பாளர், மாலையில் யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள் என்ற ஒழுங்கு, இதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

கத்திரி வெயில் காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது பாட வைக்காத முகாமாகப் பாருங்கள். அந்த நேரம் கேட்பதற்கு. நாகஸ்வரம், வீணை, கோட்டு வாத்தியம் எல்லாம் ஒலிபெருக்கி இல்லாமல் பக்கத்தில் கேட்டிராத பிள்ளைகள் நிறைய. உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அழைத்து வந்து வாசிக்கச் சொல்லும் முகாம் என்றால் கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் கொடுக்கலாம். மகளுக்கு வெறும் தண்ணீரும் மோரும் கொடுத்தனுப்புங்கள். தொண்டை கட்டியிருந்தால் அன்று பாடாமல் தாளம் மட்டும் போடச் சொல்லிவிடுங்கள்.

கடைசி நாள் நிகழ்ச்சியை வைத்து முகாமை எடைபோடாதீர்கள், இது எல்லாப் பெற்றோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது. நிறைய இடங்களில் இரண்டாவது வாரமே கற்பிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஒரு நாளுக்கான ஒத்திகையில் இறங்கிவிடுகிறார்கள். பெற்றோர் கேட்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். நன்றாகப் பாடும் நாலு பிள்ளைகள் மைக் முன்னால், மீதி எல்லாம் பின்வரிசையில் வாயசைப்பு. வாயசைக்கச் சொல்லப்பட்ட பிள்ளைகள் அதை மறப்பதில்லை, வளர்ந்த பிறகும் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கடைசி நாளில் காலை வகுப்பையே பெற்றோர் முன்னால் நடத்துகிறோம். நீங்களும் தாளம் போட வேண்டும். மகனோ மகளோ வீட்டுக்கு வந்து என்ன பாடிக் காட்டுகிறார்கள் என்பதைவிட, பாத்திரம் கழுவும் சத்தத்துக்கும் மின்விசிறிச் சத்தத்துக்கும் சுருதி தேடுகிறார்களா, சாப்பாட்டு மேசையில் தகதகிட தட்டுகிறார்களா என்று கவனியுங்கள்.

முகாம் முடிந்ததும் நம்மவர்கள் செய்வது, "விஜயதசமிக்கு நல்ல நாள் பார்த்து வகுப்பில் சேர்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது. மே மாதத்தில் திறந்த காது அக்டோபர் வரை காத்திருக்காது. விஜயதசமிக்குத் தட்சிணை வைத்து நமஸ்காரம் செய்து கொள்ளட்டும், வகுப்பு ஜூன் முதல் வாரத்திலேயே தொடங்கட்டும். செலவு ஒரு யோசனை என்றால் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் நடக்கும் ஜவகர் சிறுவர் மன்றம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு வார விடுமுறை நாட்களில் பாட்டு, நடனம், ஓவியம் என்று வகுப்புகள் நடக்கின்றன. உங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த வயதுக்குள் இருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லியும் பையன் முகாமுக்கு வர மறுத்தால் இப்படிச் செய்யுங்கள். முதல் இரண்டு நாள் தாள வகுப்பில் மட்டும் உட்காரட்டும், பாட வேண்டாம் என்று அவனிடம் உறுதி சொல்லுங்கள். அதையே ஆசிரியரிடமும் முன்கூட்டி, அவன் இல்லாத நேரத்தில், "தம்பிக்கு மகரக்கட்டு, பாடச் சொல்லிக் கேட்க வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். விவரம் தெரிந்த ஆசிரியர் அவன் கையில் ஒரு கஞ்சிராவைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.